மடக்குக் கத்தியில் கூர் நிற்கவில்லையா? ஸ்டீலைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய மடக்குக் கத்தி ஒரே வாரத்தில் தக்காளித் தோலில் வழுக்கினால், முதல் பழி ஸ்டீலின் மேல்தான் விழும். “ஹீட் ட்ரீட்மென்ட் (ஸ்டீலைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்துவது) சரியில்லை, ஸ்டீல் சாஃப்டா இருக்கு” என்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. கூரின் கடைசி மயிரிழைக் கனத்தில் இருக்கும். அதற்கு வைரக் கல்லில் அரை மணி நேர வேலை போதும். ஸ்டீலின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் எண் உண்மையிலேயே குறைவான கத்திகளும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். காரணம் எளிது: அதை வீட்டில் சரிசெய்ய வழி கிடையாது.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். வரிசையைத் தாண்டாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு பெரிதாக்கும் லூப், டார்ச், கறுப்பு மார்க்கர், 400 (பரும்படி), 1200 (நுண்) எண் வைரத் தகடுகள், 1 மைக்ரான் வைரப் பேஸ்ட் தடவிய தோல் பட்டை, டிஜிட்டல் காலிப்பர், மாஸ்கிங் டேப். கழற்றப்போகிறீர்கள் என்றால் முதல் வேலை வாய் (வெட்டும் ஓரம்) முழுவதும் டேப் ஒட்டுவது.

அறிகுறி 1: முதல் நாள் கை மயிரைச் சிரைத்தது, மூன்றாம் நாள் காகிதத்தில் திக்குகிறது

*அ. பிசிறு எடுபடாமல் இருக்கிறது*

தீட்டும்போது கூரின் ஓரத்தில் எழும் மெல்லிய உலோகப் பிசிறு நிமிர்ந்து நிற்கும் வரை அபாரமாக வெட்டும். நாலு அட்டைப் பெட்டியைக் கிழித்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். உடனே கத்தி “மழுங்கிவிட்டது”. உண்மையில் அது தீட்டி முடிக்கப்படாத கத்தி.

பார்க்கும் முறை: முதுகிலிருந்து வாயை நோக்கிப் பஞ்சு சுற்றிய காது குச்சியை இழுங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஒரு பக்கம் நூல் மாட்டினால் பிசிறு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அடுத்து, வாயை மேல் நோக்கிப் பிடித்து நேர் மேலிருந்து டார்ச் அடியுங்கள். கூர் சரியாக இருந்தால் வெளிச்சம் திரும்பாது. எங்கே வெள்ளைக் கோடு மின்னுகிறதோ அங்கே கோளாறு.

சரிசெய்ய: 1200 தகட்டில், வழக்கமான கோணத்தைவிட 4–5 டிகிரி தூக்கி, கத்தியின் சொந்த எடை மட்டும் பட, பக்கத்துக்கு ஒரு தடவையாக மாற்றி மாற்றி ஆறு தடவை, வாய் முன்னே போகும்படி இழுங்கள். பிறகு பழைய கோணத்தில் பக்கத்துக்கு மூன்று. கடைசியாகத் தோல் பட்டையில் பத்து. பட்டையில் பச்சைக் குரோமியம் ஆக்சைடு கட்டி தேய்ப்பவர்கள் உண்டு. வனேடியம் நிறைந்த ஸ்டீலில் அது பளபளப்பைத் தருமே தவிரப் பிசிறை அறுக்காது. வைரப் பேஸ்ட்தான் வேண்டும்.

*ஆ. தொழிற்சாலைக் கூர் சூடு பட்டிருக்கிறது*

அலகை எவ்வளவு கவனமாக ஹீட் ட்ரீட் செய்திருந்தாலும், கடைசிக் கூரைப் பெரும்பாலும் ஒருவர் ஓடும் பெல்ட்டில் தண்ணீர் இல்லாமல் கையால்தான் போடுகிறார். வாயின் ஓரம் ரொம்ப மெல்லியது. சூடு ஓடிப்போக அதற்குப் பின்னால் உலோகம் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில், அலகைப் பதப்படுத்திய டெம்பரிங் சூட்டைத் தாண்டிவிடும். அலகு முழுக்க 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் ‘சி’ அளவு) இருக்கும், ஓரம் மட்டும் இளகிப்போயிருக்கும். துருப்பிடிக்காத ஸ்டீலில் நிறம் மாறுவது தாமதமாகத்தான் தெரியும் என்பதால், மஞ்சளோ நீலமோ தெரியவில்லை என்பதை வைத்துச் சூடு படவில்லை என்று சொல்ல முடியாது.

இதற்குத் தனியாகச் சோதனை இல்லை. 400 தகட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 0.1 முதல் 0.2 மி.மீ. வரை தேய்த்து எடுத்துவிட்டு, 1200க்குப் போய் முடித்து, மறுபடி ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று தீட்டலுக்குப் பிறகு கூர் நிற்க ஆரம்பித்தால் குற்றவாளி இதுதான். “நாள் ஆக ஆக இந்தக் கத்தி நல்லா வருது” என்று சிலர் சொல்வது இதைத்தான்.

தெருவில் சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுத்திருந்தால் இதே கதை இன்னும் மோசம். பொறி பறக்கும் காய்ந்த சக்கரம் வீட்டு அரிவாளுக்குப் பரவாயில்லை. இந்தக் கத்திக்கு வேண்டாம்.

*இ. எதன் மேல் வெட்டுகிறீர்கள்?*

பீங்கான் தட்டு, கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை மூன்றும் எந்த ஸ்டீலின் கூரையும் ஒரே இழுப்பில் முடித்துவிடும். அட்டைப் பெட்டியும் சாதுவல்ல. அதில் மண் துகள் கலந்திருக்கும். ஸ்டேபிள் பின் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

*ஈ. கோணம்*

பக்கத்துக்கு 25 டிகிரி போட்ட கத்தி கூர்மையாக இருந்தாலும் வெட்டும்போது மொட்டையாகத் தோன்றும். அளக்க எளிய வழி: வாயிலிருந்து முதுகு வரை அகலம் 25 மி.மீ. என்றால், கல்லின் மேல் முதுகின் நடுக்கோடு 6.5 மி.மீ. உயரத்தில் இருந்தால் 15 டிகிரி, 7.3 என்றால் 17, 8.5 என்றால் 20. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் சீவி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. பொது வேலைக்கு 17 போதும்.

*உ. கத்தியே போலி*

ஸ்பைடர்கோ, பெஞ்ச்மேட், கிறிஸ் ரீவ் என்று நன்கு விற்கும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் போலிகள் சந்தையில் உலவுகின்றன. அலகில் “எஸ்35விஎன்” என்ற ஸ்டீல் பெயரை லேசரில் எழுத அந்த ஸ்டீல் தேவையில்லை. பாதி விலைக்கு, அங்கீகாரம் பெற்ற டீலர் அல்லாத இடத்தில் வாங்கியிருந்தால் மேலே போகும் முன் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இவை ஐந்தும் இல்லை என்றால் அறிகுறி 4க்குப் போங்கள்.

அறிகுறி 2: கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் கூர் வரவில்லை

வாயின் சரிவு முழுவதும் மார்க்கர் பூசி, கல்லில் நாலு தடவை இழுத்து, லூப்பில் பாருங்கள்.

*மார்க்கர் ஓரத்தில் மட்டும் அழியாமல் நிற்கிறது:* கல் கூரையே தொடவில்லை, சரிவின் மேல் விளிம்பான தோளைத்தான் தொடுகிறது. பத்தில் எட்டுப் பேருக்குப் பிரச்சினை இதுதான். முதுகை இன்னும் தூக்குங்கள், அல்லது சரிவு ஓரம் வரை வந்து மறுபக்கம் பிசிறு எழும் வரை 400இல் பொறுமையாக இறக்குங்கள். வாய் முழு நீளத்துக்கும் பிசிறு எழாமல் 1200க்குப் போகக் கூடாது.

*மார்க்கர் முழுக்க அழிகிறது, ஆனாலும் நேரம் எடுக்கிறது:* கல்லைப் பாருங்கள். எஸ்30வி ஸ்டீலில் 4 சதவீதம், எஸ்90வி ஸ்டீலில் 9 சதவீதம் வனேடியம். அது கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் கார்பைடு, கடினத்தை அளக்கும் இன்னொரு முறையான விக்கர்ஸ் அளவில் சுமார் 2800. சாதாரணத் தீட்டுக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு சுமார் 2100. பரும்படிக் கல்லில் வேலை எப்படியோ நடந்துவிடும். நுண்கல்லுக்கு வரும்போது கல்தான் தேயும், கார்பைடு தேயாது. எஸ்30வி, எம்390, எஸ்90வி, மேக்னாகட் எல்லாவற்றுக்கும் வைரம் அல்லது சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) கல் வேண்டும். விஜி-10, ஆஸ்-8, 14சி28என் கத்திகளுக்குப் பழைய கல்லே போதும்.

வைரத் தகட்டை அழுத்தாதீர்கள். அழுத்தினால் வைரத் துகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், மூன்றே மாதத்தில் தகடு மொட்டை. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டால் போதும்.

*கல்லும் சரி, கோணமும் சரி, சரிவு மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது:* கூருக்குப் பின்னால் கனம் அதிகம். சரிவு முடிந்து அலகு தொடங்கும் இடத்தைக் காலிப்பரில் பிடியுங்கள். 0.5 மி.மீ. இருந்தால் 17 டிகிரியில் சரிவு சுமார் 0.85 மி.மீ. அகலம் வரும், நல்ல வடிவம். 0.8க்கு மேல் போனால் சரிவு 1.4 மி.மீ. ஆகும். தீட்டுவது பாடு, வெட்டுவதும் ஆப்பு அடிப்பது போல இருக்கும். பருத்த கத்தியை எவ்வளவு கடினமான ஸ்டீலில் செய்தாலும் ஆப்பிளைப் பிளக்கத்தான் செய்யும், நறுக்காது.

நிபுணர் தேவைப்படும் இடம் இது. அலகு முழுவதையும் மெலிதாக்குவது கைக் கல் வேலையல்ல. கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “பெல்ட்டில் தண்ணீர் ஓடுமா?” இல்லை என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அறிகுறி 3: வாயில் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது

லூப்பில் முதலில் அது பெயர்ச்சிதானா என்று உறுதிசெய்யுங்கள். பெயர்ந்த இடம் அரைவட்டக் கடி போல இருக்கும், அடி சர்க்கரையை உடைத்தது போல மணிமணியாகத் தெரியும். வழவழவென்று மின்னும் வளைந்த கோடாக இருந்தால் அது மடிப்பு, அறிகுறி 4.

- எலும்பு, பின், கம்பி, டின் மூடி நெம்பியது: கத்தியின் குற்றமல்ல. கடினமான ஸ்டீல் பக்கவாட்டு நெம்பலைத் தாங்காது.
- எலுமிச்சையோ மாங்காயோ வெட்டி, கழுவாமல் இரவு முழுக்க வைத்தது: ஓரத்தில் அரித்த நுண்குழிகளும் லூப்பில் பெயர்ச்சி போலத் தெரியும். பக்கத்தில் கரும்புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள்.
- கோணம் மிக மெலிது: எஸ்90வி போலக் கார்பைடு நிறைந்த ஸ்டீலில் பக்கத்துக்கு 12–13 டிகிரி போட்டுவிட்டு மரம் சீவினால் பெயரத்தான் செய்யும். 17 டிகிரிக்குக் கொண்டுவந்து, கடைசியில் 20 டிகிரியில் பக்கத்துக்கு ஐந்து மெல்லிய இழுப்புப் போடுங்கள். பாதிப் புகார் இதோடு அடங்கும்.
- தொழிற்சாலைக் கூர் கெட்டது: சூடு இளகச் செய்வது போலவே, பரும்படி பெல்ட்டின் ஆழமான கீறல்கள் ஓரத்தைப் பற்கள் போல விட்டுவைக்கும். அவை உதிரும். 400இல் எடுத்துவிட வேண்டும்.
- டெம்பரிங் கோளாறு: கடைசியில்தான் இது.

0.2 மி.மீ.க்குள் உள்ள சில்லு அடுத்த தீட்டலில் தானாகப் போகும். அரை மி.மீ. என்றால் 400இல் இருபது நிமிடம். ஒரு மி.மீ.க்கு மேல் என்றால் கையால் எடுக்காதீர்கள்; வாய் பின்னுக்குப் போய் சரிவு அகலமாகி அறிகுறி 2இல் வந்து நிற்பீர்கள். அரை மி.மீ. ஸ்டீலை எடுத்தும், கோணம் 20 டிகிரி வைத்தும், காகிதமும் கயிறும் மட்டும் வெட்டியும் மூன்றாவது முறை பெயர்ந்தால், தயாரிப்பாளருக்கு எழுத வேண்டிய நேரம்.

அறிகுறி 4: கூர் மடிகிறது; ஸ்டீல் இளக்கம் என்று சந்தேகம்

அறிகுறி 1ஐ முழுவதும் முடித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்க வேண்டும். ஏன் இந்தக் கண்டிப்பு என்பது சோதனையைப் பார்த்தால் புரியும்.

*செலவு குறைந்த சோதனை:* கடினத்தன்மை அரங்கள். 40, 45, 50, 55, 60, 65 எச்.ஆர்.சி. என்று ஆறு அரங்கள் கொண்ட தொகுப்பாகக் கிடைக்கும். கைப்பிடிக்குள் மறையும் அலகின் அடிப்பகுதியில், பெரிய எண்ணிலிருந்து இறங்கிக்கொண்டே வாருங்கள். 65 பிடித்து 60 வழுக்கினால் கத்தி இரண்டுக்கும் நடுவில். 60 பிடித்து 55 வழுக்கினால் 55க்கும் 60க்கும் நடுவில். ஐந்து புள்ளி இடைவெளி உள்ள அளவுகோல் இது. “59ஆ 61ஆ” என்ற சண்டையைத் தீர்க்காது. 54 உள்ள போலியைப் பிடித்துக்கொடுக்கும்.

*சரியான சோதனை:* ராக்வெல் இயந்திரம். கோவை, அம்பத்தூர் மாதிரி டூல் ரூம்கள் நிறைந்த இடங்களில் உலோகச் சோதனைக் கூடங்களில் இது அன்றாட வேலை. 120 டிகிரி வைரக் கூம்பை முதலில் 10 கிலோ, பிறகு மொத்தம் 150 கிலோ பளுவில் அழுத்துவார்கள். ஒரு புள்ளி என்பது 0.002 மி.மீ. ஆழம். 60க்கும் 61க்கும் நடுவே இருப்பது இரண்டு மைக்ரான்தான். அதனால் அடியில் ஒரு தூசி இருந்தால் எண் சரிந்துவிடும். சரிவான பரப்பில் எடுத்த அளவு செல்லாது. இரண்டு பக்கமும் இணையான அடிப்பகுதியில்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி கேளுங்கள், ஒரு அளவை நம்பாதீர்கள். இயந்திரத்தின் சொந்தப் பிசகே ஒரு புள்ளி வரை இருக்கும். புள்ளி புள்ளியாகத் தடம் விழும், போகாது.

கூரில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது, அங்கே கனம் போதாது. சூட்டில் இளகிய கூருள்ள கத்தியும் அடிப்பகுதியில் அழகாக 60 காட்டும். கூரைப் புதுப்பிக்காமல் கூடத்துக்குப் போனால் காசும் போய், பதிலும் வராது.

*எண்ணை எப்படிப் படிப்பது:* எஸ்30வி, எஸ்35விஎன் 58 முதல் 61 வரை, எம்390உம் அதே கலவையில் வரும் 20சிவியும் 60 முதல் 62 வரை, மேக்னாகட் 60 முதல் 64 வரை. இந்த எல்லைக்குள் கீழ்க்கோடியில் இருந்தால் அது பழுதல்ல, தயாரிப்பாளரின் முடிவு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செய்யப்படும் கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா கத்தி, எஸ்30வி காலத்தில் 58–59இல்தான் வந்தது. வெளியிடத்தில் பயன்படுத்தும்போது எளிதாகத் தீட்ட முடிய வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். மேக்னாகட்டுக்கு மாறியபோது அதே நிறுவனம் 63–64க்குப் போனது.

*ஏன் எல்லாரும் மேல்க்கோடியில் செய்வதில்லை?* ஸ்டீல் விலைக்காக இல்லை. 100 மி.மீ. நீளம், 32 மி.மீ. அகலம், 3.6 மி.மீ. கனம் உள்ள துண்டு 90 கிராமைத் தொடாது. பவுடர் ஸ்டீல் கிலோ எவ்வளவு விற்றாலும் ஒரு கத்தியில் அது சிறு தொகை. காசு போவது அதற்குப் பிறகு: கெட்டிப்பட்ட அலகை அரைக்கும் நேரம், செராமிக் பெல்ட், ஹீட் ட்ரீட்டில் கோணிய அலகை நிமிர்த்துவது, டைட்டானியம் கைப்பிடியைக் கடைவது, பொருத்துபவரின் மணிக்கணக்கு. 59இல் இருக்கும் அலகைவிட 63இல் இருப்பது மெதுவாகத் தேயும். பெல்ட் சீக்கிரம் தீரும். கூடவே, கடினமான கத்தியால் டப்பா நெம்பிச் சில்லு விழச்செய்து திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் செலவு. இரண்டு புள்ளி இறக்கினால் இரண்டு செலவும் குறையும். விலைப்பட்டியலில் ஸ்டீல் பெயரைப் பெரிதாகப் போட்டு எச்.ஆர்.சி.யைச் சொல்லாமல் விடுபவர்களிடம் வாங்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

*எல்லைக்கும் கீழே என்றால்:* சோதனை அறிக்கையோடு தயாரிப்பாளருக்கு. “மறுபடி ஹீட் ட்ரீட் செய்து தருகிறேன்” என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். முடித்த அலகு மறுபடி ஆயிரம் டிகிரிக்கு மேல் போனால் அளவு மாறும், கோணும். அலகு சுழலும் அச்சின் (பிவட்) ஓட்டையும் பூட்டு முட்டும் இடமான லாக் முகமும் நூறில் ஒரு மி.மீ. கணக்கில் பொருத்தப்பட்டவை, திரும்பி வரும் கத்தி பூட்டாது.

அறிகுறி 5: துருப் புள்ளிகள்

டி2 ஸ்டீல் என்றால் எதிர்பார்க்க வேண்டியதுதான். 14 சதவீதக் குரோமியம் உள்ள எஸ்30வியிலும் கடற்கரை ஊரில் புள்ளி வரும். குரோமியத்தில் ஒரு பங்கு கார்பைடுக்குள் மாட்டிக்கொள்கிறது. மேக்னாகட்டில் 10.7 சதவீதம்தான், ஆனால் குரோமியம் கார்பைடாகாமல் வெளியே நிற்பதால் அது நன்றாகத் தாங்குகிறது. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்து, கழுவி, துடைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து பிவட்டை அடைக்கும். நகத்தில் தடுக்கும் குழியாகிவிட்டால் கடையில்தான் அரைத்து எடுக்க வேண்டும்.

அறிகுறி 6: பூட்டு ஒட்டுகிறது, அல்லது அலகு ஆடுகிறது

இதுவும் கடினத்தன்மைச் சங்கதிதான். கைப்பிடித் தகட்டின் ஒரு பகுதியே பூட்டாக இருக்கும் ஃபிரேம் லாக் கத்தியில் பூட்டுவது கிரேடு 5 டைட்டானியம், சுமார் 36 எச்.ஆர்.சி. அது முட்டுவது 60 உள்ள ஸ்டீலில். மெத்தென்ற உலோகம் கடினமானதில் ஒட்டிக்கொள்ளும், தேயவும் செய்யும். அதனால்தான் விலை கூடிய கத்திகளில் பூட்டின் முகத்தில் ஸ்டீல் துண்டோ, செபென்சா 31இல் உள்ளது போலச் செராமிக் குண்டோ வைக்கிறார்கள்.

*ஒட்டுகிறது:* லாக் முகத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். தீரவில்லை என்றால் அலகின் முட்டும் இடத்தில் பென்சில் கரி தேய்த்து ஐம்பது முறை திறந்து மூடுங்கள். அங்கே எண்ணெய் விடக் கூடாது, பூட்டு நழுவும்.

*பக்கவாட்டில் ஆடுகிறது:* பிவட் திருகை எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் டி8 அல்லது டி10 டார்க்ஸ் (நட்சத்திரத் தலைத் திருகு). மலிவான பிட் போட்டால் திருகின் தலை போய்விடும். மறுபடி தளர்ந்தால், திருகைத் தளராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட்லாக்கர் ஒரு துளி. செபென்சா 21, 31 போன்ற, அச்சைச் சுற்றிக் குழல் (புஷ்ஷிங்) உள்ள பிவட்டில் அளவு பார்த்து இறுக்கும் வேலையே இல்லை, முழுக்க இறுக்க வேண்டும். அப்படியும் ஆடினால் வாஷரோ புஷ்ஷிங்கோ தேய்ந்திருக்கிறது.

*மேலும் கீழும் ஆடுகிறது:* இதில் கை வைக்காதீர்கள். லாக் தகடு அலகின் அடிக்கனத்தில் எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். 30 முதல் 50 சதவீதம் என்றால் அலகைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப் பின்னில் அழுக்கு இருக்கலாம், கழற்றித் துடைத்தால் சரியாகலாம். மறுபக்கத் தகட்டைத் தொட்டுவிட்டால் முகம் தேய்ந்துவிட்டது. லாக் தகட்டை வளைத்து “டைட்” பண்ணுவது, முதுகை மேசையில் அடித்துச் சோதிப்பது இரண்டும் விரலைப் பணயம் வைக்கும் வேலை. அந்தக் கத்தியைச் சரிசெய்யும் வரை பயன்படுத்தாதீர்கள்.

தயாரிப்பாளருக்கு அனுப்பும் முன்

கழற்றினால் உத்தரவாதம் போகுமா என்று முதலில் படியுங்கள். கிறிஸ் ரீவ் கழற்றிச் சுத்தம் செய்ய அனுமதிக்கும், எல்லாரும் அப்படியல்ல. மின்னஞ்சலில் “ஸ்டீல் சாஃப்ட்” என்று மட்டும் எழுதினால் வழக்கமான ஒரு தீட்டலோடு திரும்பி வரும். எந்தக் கோணம், எந்தக் கல், எவ்வளவு ஸ்டீல் எடுத்த பிறகு, எதை வெட்டியபோது என்று எழுதி, லூப் வழியாக எடுத்த படமும் மூன்று இட ராக்வெல் அளவும் சேருங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் கத்தியை ஏற்றுக்கொள்ளும் கூரியரா என்று கேட்டுக்கொண்டு, பழுது பார்க்க அனுப்பியதற்கான ஏற்றுமதி ஆவணத்தைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது சுங்கத்தில் புதுக் கத்தியாகக் கணக்கிட்டு வரி கேட்பார்கள்.